பார்சலில் உங்கள் பெயர்: வீட்டுக் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு ஸ்டிக்கர் தயாரிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் படம் பார்ப்பதிலும் கேம்ஸ் விளையாடுவதிலும் போய்விடும். அதன் பிறகுதான், "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாப்பாடு, டிபன், பலகாரம் செய்து பார்சல் கொடுப்பவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பயன்படும் ஒரு வேலையை இந்த மாதம் பார்ப்போம். பார்சல் மீது ஒட்டும் ஸ்டிக்கரை நாமே தயாரிக்கப் போகிறோம். இதற்குப் பணம் கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம்.

எதற்கு இந்த ஸ்டிக்கர்?

ஜவுளிக் கடைகள் கொடுத்த மஞ்சள் பையை நினைத்துப் பாருங்கள். கடையின் பெயர், தெரு, ஊர், போன் நம்பர் எல்லாம் பெரிதாக அச்சிட்டிருக்கும். துணி வாங்கிய நாளோடு அந்தப் பையின் வேலை முடிந்துவிடாது. ரேஷன் கடைக்கும், சந்தைக்கும், வெளியூர்க் கல்யாணத்துக்கும் அதுவே போகும். போகும் இடமெல்லாம் கடையின் பெயரும் போகும்.

சாப்பாட்டுப் பார்சலும் இப்படித்தான். எங்கள் தெருவில் ஓர் அக்கா மதியச் சாப்பாடு செய்து அலுவலகங்களுக்கு அனுப்புகிறார். ஓர் அலுவலகத்தில் அவரது சாம்பாரை ருசி பார்த்த ஒருவர், தன் வீட்டு விசேஷத்துக்கு அறுபது பேருக்குச் சொல்ல நினைத்திருக்கிறார். பார்சல் வாங்கியவர் அன்று லீவு. கவரில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இந்தச் செய்தி அக்காவுக்குத் தெரிய வந்தபோது விசேஷமே முடிந்திருந்தது. சமையலில் ஒரு குறையும் இல்லாமலே ஒரு பெரிய ஆர்டர் கை நழுவியது.

ஸ்டிக்கரில் என்ன இருக்க வேண்டும்?

பலரும் முதலில் பூ, பார்டர், கலர் என்று தொடங்குவார்கள். அதை விட்டுவிடுங்கள். கீழ்க்காணும் வரிசையில் டைப் செய்யத் தயாராக வைத்துக் கொள்ளுங்கள்.

1. உங்கள் சமையலின் பெயர். இரண்டு சொற்களுக்குள் இருந்தால் நல்லது.

2. போன் நம்பர். ஸ்டிக்கரில் மிகப் பெரிய எழுத்து இதுவாகத்தான் இருக்க வேண்டும். பத்து எண்களையும் சேர்த்து அடிக்காமல், ஐந்து ஐந்தாகப் பிரித்து இடைவெளி விடுங்கள். படிக்க எளிது.

3. என்ன கிடைக்கும் என்று ஒரே வரி. "மதியச் சாப்பாடு, விசேஷ ஆர்டர்" என்பது போல. எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்க்கலாம்.

4. சைவமா, அசைவமா என்பது. நிலக்கடலை, முந்திரி சேர்த்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். சிலருக்கு இவை ஒத்துக்கொள்ளாது.

5. உணவுப் பாதுகாப்புத் துறையில் பெற்ற 14 இலக்கப் பதிவு எண். வீட்டில் செய்து விற்பவர்களும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். இன்னும் பதியவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

6. "தயாரித்த நேரம்" என்று போட்டு ஒரு கோடு. நேரத்தைப் பேனாவால் எழுதிக் கொள்ளலாம்.

விலையைப் போடாதீர்கள். காய்கறி விலை ஏறி நீங்கள் ஐந்து ரூபாய் கூட்டினால், மீதமுள்ள ஸ்டிக்கர் எல்லாம் வீணாகும். பொடி, ஊறுகாய் போன்றவற்றைப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு விற்பவர்களுக்கு எடை, விலை, சேர்மானம், தேதி என்று தனி விதிகள் உண்டு. அவர்களுக்கு இந்த ஸ்டிக்கர் போதாது.

ரைட்டரில் தயாரிக்கும் முறை

லிப்ரே ஆபிஸ் என்ற இலவசத் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ஒரு ஏ4 தாளில் 12 ஸ்டிக்கர் வருமாறு செய்யப் போகிறோம்.

1. லிப்ரே ஆபிஸ் ரைட்டரைத் திறந்து, பைல் மெனுவில் நியூ என்பதில் கர்சரைக் கொண்டு செல்லுங்கள். பக்கத்தில் விரியும் பட்டியலில் லேபிள்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு டயலாக் பாக்ஸ் கிடைக்கும்.

2. லேபிள்ஸ் டேபில் உள்ள லேபிள் டெக்ஸ்ட் கட்டத்தில், மேலே தயாரித்த வரிகளை டைப் செய்யுங்கள். கீழே ஷீட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. பார்மட் டேபைக் கிளிக் செய்யுங்கள். ஹரிசான்டல் பிட்ச் 9, வெர்டிகல் பிட்ச் 4.5, விட்த் 9, ஹைட் 4.5, லெப்ட் மார்ஜின் 1.5, டாப் மார்ஜின் 1.35, காலம்ஸ் 2, ரோஸ் 6 என்று கொடுங்கள். பேஜ் விட்த் 21, பேஜ் ஹைட் 29.7 என்று இருக்க வேண்டும். எல்லாம் சென்டிமீட்டர் அளவுகள். உங்கள் கம்ப்யூட்டரில் இஞ்ச் என்று காட்டினால், எண்ணுக்குப் பின் ஆங்கிலத்தில் சி, எம் என்ற இரு எழுத்துகளையும் சேர்த்து டைப் செய்யுங்கள். கொடுத்த எண்கள் மாறாமல் நிற்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

4. ஆப்ஷன்ஸ் டேபில் என்டயர் பேஜ் என்பதையும், சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ் என்பதையும் டிக் செய்யுங்கள். பிறகு நியூ டாகுமென்ட் பட்டனை அழுத்துங்கள். 12 கட்டங்களுடன் ஒரு பக்கம் திறக்கும்.

5. இடது மூலையில் உள்ள முதல் கட்டத்தில் மட்டும் எழுத்தின் அளவு, தடிமன் எல்லாவற்றையும் மாற்றுங்கள். போன் நம்பருக்கு 22 பாயின்ட், பெயருக்கு 18, மற்றவற்றுக்கு 9 கொடுத்துப் பாருங்கள். கட்டத்தை மீறினால் குறையுங்கள். முடித்ததும் திரையில் நிற்கும் சிங்க்ரனைஸ் லேபிள்ஸ் பட்டனைக் கிளிக் செய்தால், மற்ற 11 கட்டங்களும் முதல் கட்டத்தைப் போலவே மாறிவிடும்.

6. பைலை சேவ் செய்து கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துக்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள நிர்மலா யு.ஐ. பாண்ட் போதும். பழைய பாமினி போன்ற பாண்ட்களில் டைப் செய்தால், அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். யூனிகோடில் டைப் செய்யப் பழகிக் கொள்ளுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது

வீட்டில் இருப்பது இங்க்ஜெட் பிரிண்டரா? சாதாரண ஸ்டிக்கர் தாளில் இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கசியும். சூடான சாம்பார் பார்சலில் ஆவி படிந்தால் போன் நம்பர்தான் முதலில் அழியும். லேசர் பிரிண்டில் இந்தத் தொல்லை இல்லை. எனவே பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் சென்று பி.டி.எப். ஆக மாற்றி, பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெட்டுக் கோடு இல்லாத ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில், கருப்பு வெள்ளையில், "ஆக்சுவல் சைஸ்" வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். "பிட்" என்று வைத்தால் அளவு மாறிவிடக்கூடும்.

செலவைக் கணக்கிடுவது எளிது. தாளும் பிரிண்டும் சேர்ந்து ஆகும் தொகையை 12 ஆல் வகுங்கள். மொத்தம் 24 ரூபாய் ஆனால் ஒரு ஸ்டிக்கர் 2 ரூபாய். இதைச் சாப்பாட்டு விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே ஒட்டுவது?

வெளிக் கவரின் வாயை மடித்து, மடிப்பின் மேல் ஒட்டுங்கள். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று வாங்குபவருக்கும் தெரியும். பேக்கேஜிங் குறித்த 2018ஆம் ஆண்டு விதிகளின்படி அச்சிட்ட பகுதி உணவில் நேரடியாகப் படக்கூடாது. உணவைச் செய்தித்தாளில் மடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பை, உணவு மடிக்கும் பிளாஸ்டிக் தாள் போன்றவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. உள்ளே வாழை இலை, வெளியே பழுப்புக் காகிதக் கவர், அதன் மேல் உங்கள் ஸ்டிக்கர் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. குழம்புக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து வாங்குபவர்கள், ஸ்டிக்கரைத் துணிப்பையில் கட்டும் அட்டையில் ஒட்டலாம்.

வாட்ஸ்அப்பில் உங்கள் கியூ.ஆர். கோடைப் படமாக எடுத்து ஸ்டிக்கரில் சேர்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: செட்டிங்ஸில் அந்தக் கோடை ரீசெட் செய்தால், ஏற்கெனவே ஒட்டி அனுப்பிய பழைய கோடு வேலை செய்யாது. எனவே நம்பரை எழுத்திலும் கட்டாயம் போடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பாருங்கள்

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் தேதி, பெயர், போன் நம்பர், "எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது?" என்று நான்கு காலங்களைப் போடுங்கள். புதிதாக அழைக்கும் ஒவ்வொருவரிடமும் கடைசிக் கேள்வியைக் கேட்டு எழுதுங்கள். மாதம் முடிந்ததும் டேட்டா மெனுவில் ஆட்டோ பில்டர் கொடுத்து, "பார்சல் பார்த்து" என்று இருப்பவற்றை மட்டும் தனியே பார்க்கலாம். அக்காவின் பட்டியலில் மூன்றாவது வாரமே, "ஆபீஸ் நண்பரின் பார்சலில் பார்த்தேன்" என்ற பதில் வந்தது.

அந்த எண்ணிக்கை மாதாமாதம் ஏறினால், அப்போது அச்சகத்தில் பெயர் போட்ட கவர் அடிக்கலாம். அங்கே ஆயிரக்கணக்கில் மொத்தமாக எடுக்கச் சொல்வார்கள். நம்பரும் பெயரும் நிலையான பிறகு அந்தச் செலவைச் செய்வதே நல்லது. அதுவரை ஒரு ஷீட், 12 ஸ்டிக்கர் போதும். நாளைய பார்சலிலேயே ஒட்டிப் பாருங்கள்.