ராத்திரி குடி, காலையில் உடம்பு வலி

விருந்தில் அளவு மீறிவிட்டது. விடிந்தால் இடுப்பும் கெண்டைக்காலும் அடித்துப் போட்டதுபோல் வலிக்கின்றன. மது சிறுநீரை அதிகம் பிரியவைத்து உடம்பை வறட்டிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். அதனால் முதல் மருந்து தண்ணீர்தான். மடமடவென்று குடித்தால் குமட்டும், வாய் வாயாகக் குடியுங்கள். உப்பு போட்ட நீர்மோர், இளநீர், கஞ்சி எல்லாமே நல்லவை. வாந்தி எடுத்திருந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் நீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே களைத்திருக்கும் கல்லீரலுக்குப் பாராசிட்டமால் கூடுதல் சுமை. ஐபுபுரூஃபன் வயிற்றை இன்னும் புண்ணாக்கும். வெந்நீர் ஒத்தடமும் ஓய்வும் பலருக்குப் போதும். ‘காலையில் ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அது வலியைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

தசை வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் வீட்டில் இருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தியதும் கை நடுங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.