சைக்கிள் பிரேம் கோணாமல் இருக்க…

குழாய்களைத் தரையில் கிடத்திப் பற்றவைத்தால் பிரேம் கோணிக்கொள்ளும். அலுமினிய டி-ஸ்லாட் சட்டங்களில் குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஒரு ஜிக் செய்துகொள்ளுங்கள்.

1. ஜிக்கின் முதுகுச் சட்டம் 40×80 மி.மீ. இருக்கட்டும். மெல்லியது வளையும்.

2. சட்டங்களை மெஷினில் அறுத்து வாங்குங்கள். முனை சாய்ந்தால் மூலை 90 பாகைக்கு வராது.

3. பெடல் அச்சுக் கூட்டின் நடுவை ஜிக்கின் மையக்கோட்டில் நிறுத்துங்கள். கூடு 68 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 34. எல்லா அளவும் இங்கிருந்தே தொடங்குவதால் இதில் அவசரமே வேண்டாம்.

4. பின்சக்கர இடைவெளிக்கு உங்கள் ஹப்பை அளந்து போலி அச்சு செய்யுங்கள். 130-க்கும் 135-க்கும் 5 மி.மீ. வித்தியாசம், பிறகு நெம்பிச் சரிசெய்வது கொடுமை.

5. ஜிக்கில் புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். முழு வெல்டிங் வெளியே. ஜிக்கின் அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும், அளவு நகர்ந்துவிடும்.

6. கழற்றியதும் பின்சக்கர அச்சு மாட்டும் ஒரு கவ்வியிலிருந்து முன்குழாயைச் சுற்றி மறு கவ்விக்கு நூல் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே முழு வெல்டிங்குக்குப் போங்கள்.