செத்த சொறியும் கொட்டும்

கடல் பக்கம்: கேள்வி பதில்

கேள்வி: போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு ஜெல்லி மீன் ஒதுங்கிக் கிடந்தது. பாதி காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. செத்ததுதானே என்று என் மகன் கையில் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, எரிச்சல் தாங்காமல் அழுதுவிட்டான். செத்தது எப்படிக் கொட்டும்?
(வாசகி, சென்னை)

பதில்: பையனுக்கு இப்போது சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். அவன் செய்ததில் தப்பில்லை. செத்த தேள் கொட்டாது என்பதுதானே நமக்குத் தெரிந்த நியாயம்? ஜெல்லி மீனுக்கு அந்த நியாயம் பொருந்தாது. நம் கடலோரத்தில் இதைச் சொறி, சொறிமுட்டை என்பார்கள். பெயரிலேயே அரிப்பு இருக்கிறது.

சொறியின் உடம்பிலும், அதிலிருந்து தொங்கும் இழைகளிலும் ஆயிரக்கணக்கில் கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பி. கையுறையின் விரலை உள்பக்கமாகத் திருப்பிச் சொருகியதுபோல், அந்தக் குப்பிக்குள் ஒரு நுண்குழல் சுருண்டு கிடக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு. சரக்கு லாரியின் டயரிலேயே ஏழெட்டு மடங்குதான் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் போன்ற விசையில் ஏதாவது பட்டால் குப்பி திறந்து, குழல் வெளிப்பக்கமாகப் புரண்டு பாய்ந்து, தோலைத் துளைத்து நஞ்சை இறக்கிவிடும். சொறியின் உறவுக்கார உயிரான ஹைட்ராவில் இதை அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 2006-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை.

இந்தச் செல் சுட யாருடைய உத்தரவும் வேண்டாம். சொறிக்கு மூளையே கிடையாது. பொறிவைத்தவன் ஊரைவிட்டுப் போனாலும் எலிப்பொறி வேலை செய்யுமே, அப்படித்தான். உயிர் போய்ப் பல மணி நேரம் கழித்தும், வலையில் அறுந்து ஒட்டிக்கொண்ட துண்டு இழையிலும் சுடாத குப்பிகள் மிச்சமிருக்கும்.

இன்னும் ஆச்சரியம் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, உங்கள் பையன் நின்ற அதே பெசன்ட் நகர் கரையில், விரல்நீளம்கூட இல்லாத அழகான நீலநிற உயிர்கள் ஒதுங்கின. நீல டிராகன் என்ற கடல் நத்தை இனம் அது. கொட்டும் உயிர்களைத் தின்று, அவற்றின் சுடாத குப்பிகளைச் செரிக்காமல் தன் உடம்பின் நுனிகளில் சேர்த்துவைத்துக்கொள்ளும். தொட்டால் அதுவும் கொட்டும். இரவல் வாங்கிய குப்பி இன்னொரு உயிரின் உடம்பிலும் வேலை செய்கிறது.

கேள்வி: கொட்டிய இடத்தில் மண்ணைப் போட்டுத் தேய் என்கிறார் ஒருவர், சிறுநீர் விடு என்கிறார் இன்னொருவர். எது சரி?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: இரண்டும் வேண்டாம். மேலே சொன்ன குப்பியை மனதில் வைத்துக்கொண்டால் ஏன் என்பது உங்களுக்கே விளங்கும். தோலில் ஒட்டியிருக்கும் இழையில் சுட்ட குப்பிகளைவிடச் சுடாத குப்பிகளே அதிகம். மண்ணைப் போட்டுத் தேய்த்தால் அவற்றையும் நாமே அழுத்திச் சுடவைக்கிறோம். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் உப்பின் அளவு திடீரென்று மாறி அவை வெடிக்கக்கூடும். சிறுநீரும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் தண்ணீரைவிட்டு வெளியே வாருங்கள். கடல்நீரையே அள்ளி ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியாலோ குச்சியாலோ மெல்ல எடுத்துவிடுங்கள், வெறுங்கை கூடாது. அடுத்து, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர். 45 டிகிரிக்கு மேல் போகாமல், 20 நிமிடமாவது அந்த இடத்தை முக்கிவையுங்கள். நஞ்சின் பெரும்பகுதி புரதம் என்பதால் சூடு அதன் வீரியத்தைக் குறைக்கிறது, வலியும் அடங்குகிறது. வெந்நீர் சுடுகிறதா என்று முதலில் கொட்டுப்படாத கையில் பாருங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது.

வினிகரைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியக் கடலின் பெட்டி வடிவச் சொறிகள் ஆளையே கொல்லக்கூடியவை. அவற்றின் சுடாத குப்பிகளை வினிகர் முடக்கிவிடும் என்பதால் அங்கே கடற்கரைகளில் வினிகர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீல நிறத்தில் காற்றடைத்த பை மாதிரி மிதக்குமே, அந்த உயிர் கொட்டினால் வினிகர் வேண்டாம் என்று அதே நாட்டின் முதலுதவி முறை சொல்கிறது. கொட்டியது எது என்று தெரியாதபோது கடல்நீரும் வெந்நீரும் போதும்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வாந்தி, மயக்கம், முகவீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைக்கு உடம்பில் பெரிய இடத்தில் கொட்டியிருந்தாலும் அப்படியே.

கேள்வி: பலமுறை கொட்டு வாங்கினால் உடம்புக்குப் பழகிவிடும் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்களே?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: சிலருக்கு நேர்மாறாக நடக்கும். நூறாண்டுக்கு முன் இதே கேள்வியோடு கடலில் போனவர்கள் உண்டு. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில், சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் நீலப்பை உயிரின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸ் திரும்பி, அதன் உறவான கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார்கள். முதல் ஊசியில் பிழைத்த நாய், சில வாரம் கழித்துப் போட்ட மிகச் சிறிய அளவுக்கே அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையான அனாபிலாக்ஸிஸ் இப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருமுறை உடம்பெல்லாம் தடித்து வீங்கியிருந்தால், அடுத்த முறை கடலில் இறங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதைச் சீனர்கள் சாப்பிடுகிறார்களாமே! நஞ்சு என்னாகும்? நம் ஊரிலும் பிடிக்கிறார்களா? வீட்டில் சமைக்கலாமா?
(வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: சாப்பிடுகிறார்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். நானும் சாப்பிட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு சீனக் கல்யாண விருந்தில் முதலில் வந்த குளிர்ந்த உணவுத் தட்டில், தேன்நிறத்தில் நாடாபோல் நறுக்கி, நல்லெண்ணெயும் வினிகரும் சேர்த்து வைத்திருந்தார்கள். கொழகொழவென்று இருக்கும் என்று பயந்துதான் வாயில் வைத்தேன். ஆட்டுக் காதின் குருத்தெலும்பைக் கடித்தது போல நறுக்கென்று சத்தம் வந்தது. சுவை என்று தனியாக ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் சாப்பிடுகிறார்கள்.

எல்லாச் சொறியும் உணவாகாது. குடையின் விளிம்பில் நீண்ட இழைகள் இல்லாமல், நடுவில் தடித்த கைகள் மட்டும் கொண்ட ஒரு வகையிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். இவை கொட்டினாலும் கொட்டு அவ்வளவு கடுமையாக இருக்காது. பிடித்தவுடன் குடையையும் கைகளையும் தனித்தனியாக அறுத்து, சளியையும் உள்ளுறுப்பையும் சுரண்டிக் கழுவி, உப்பும் படிகாரமும் கலந்து அடுக்குவார்கள். சில நாளுக்கொரு முறை பிரித்து மறுபடி உப்பிட்டு அடுக்க வேண்டும். பழைய முறையில் 20 முதல் 40 நாள் பிடிக்கும். சொறியின் உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால், 100 கிலோ போட்டால் 7 முதல் 10 கிலோதான் மிஞ்சும். கழுவும்போதே கொட்டும் செல்கள் பெருமளவு போய்விடுகின்றன. மிச்சமிருப்பதை உப்பும் படிகாரமும் செயலிழக்க வைக்கின்றன.

தமிழகக் கரையிலும் இது நடக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் பருவத்தில் சொறி பிடித்து, பதப்படுத்தி, சீனாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் அனுப்புகிறார்கள். மீன் கிடைக்காத நாளில் சொறி வருமானம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அறுத்துக் கழுவும் வேலையை வெறுங்கையோடு செய்யும்போது கை வெந்து, சாறு தெறித்துக் கண் எரியும். கையுறையும் கண்ணாடியும் கொடுப்பது இந்தத் தொழிலில் முதல் செலவாக இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன்.

சாப்பிடுகிறவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. படிகாரத்திலிருந்து வரும் அலுமினியம் முழுதாகப் போவதில்லை. ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் 2009-இல் பார்த்தபோது, சாப்பிடத் தயாரான சொறியில் கிலோவுக்குச் சராசரியாக 1,200 மில்லிகிராம் இருந்தது. உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம்வரை என்பது சர்வதேச நிபுணர் குழுவின் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 120. அதாவது நூறு கிராம் சாப்பிட்டாலே ஒரு வாரக் கணக்கு தீர்ந்துவிடும். விருந்தில் ஒரு வாய் என்றால் பயமில்லை. தினசரி உணவாக வேண்டாம். கரையில் ஒதுங்கியதை எடுத்துவந்து வீட்டில் சமைப்பது கூடவே கூடாது. இனம் தெரியாது, சீக்கிரம் அழுகும், குப்பிகளும் அப்படியே இருக்கும்.

கேள்வி: அந்த நீலப்பை ஜெல்லி மீன்தானா?
(மாணவர், கடலூர்)

பதில்: இல்லை. உறவு உண்டு, ஆனால் அது ஒற்றை உயிரே அல்ல. மிதப்பதற்கு, இரை பிடிக்க, செரிக்க, இனம் பெருக்க என்று தனித்தனி வேலை பார்க்கும் பல உடல்கள் ஒட்டி வாழும் கூட்டம். பை சிறியதாகத் தெரியும். அடியில் இழைகள் பல மீட்டர் நீளும். கண்டால் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: சில வருடம் கண்ணிலேயே படுவதில்லை, சில வருடம் வலை கிழியும் அளவுக்கு வருகிறது. ஏன்?
(மீனவ வாசகர், கல்பாக்கம்)

பதில்: உங்கள் ஊர் அணுமின் நிலையத்துக்கும் இந்தக் கவலை உண்டு. குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் வழியில் சொறிக்கூட்டம் வந்து அடைத்த அனுபவம் அங்கே இருக்கிறது. சுவீடனின் ஆஸ்கர்ஸ்ஹாம்னில் 2013-இல் இதனால் ஓர் அணு உலையையே நிறுத்தினார்கள்.

நாம் பார்க்கும் குடை, அந்த உயிரின் பாதி வாழ்க்கைதான். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நீந்திப்போய்ப் பாறையிலோ கிளிஞ்சலிலோ ஒட்டிக்கொண்டு, பூமொட்டுபோல் ஒரு பாலிப்பாக வளரும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே காத்திருந்து, வெப்பமும் இரையும் சரியாக அமையும்போது, அடுக்கிய தட்டுகளைப்போல் வரிவரியாகப் பிரிந்து, ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டிச் சொறியாக நீந்திப்போகும். ஒரு பாலிப்பிலிருந்து பல சொறிகள். அதனால்தான் திடீரென்று கடல் நிறைந்துவிடுகிறது. நீரோட்டமும் காற்றும் அவற்றை ஒரே இடத்தில் குவிக்கும். சொறியோடு இரைக்குப் போட்டிபோடும் சிறு மீன்களை நாம் அதிகமாகப் பிடிப்பதும், பாலிப் ஒட்டிக்கொள்ளக் கடலுக்குள் சிமெண்ட் சுவர்கள் பெருகுவதும் சில கடல்களில் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஒரே காரணத்தைக் கைகாட்டிவிட முடியாது.

கேள்வி: ஒரு ஜெல்லி மீனைப் பிடித்து வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?
(ஆறாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி)

பதில்: வேண்டாம், கண்ணு. சதுரத் தொட்டியின் மூலையில் சிக்கி அதன் குடை கிழிந்துவிடும். காட்சியகங்களில் மூலையே இல்லாத வட்டத் தொட்டி கட்டி, தண்ணீரைச் சுழலவிட்டு வளர்க்கிறார்கள். அடுத்த முறை கடற்கரையில் தெளிவாக, வட்டமாக ஒன்று ஒதுங்கியிருந்தால் குனிந்து பார். நடுவில் குதிரை லாடம் மாதிரி நான்கு வளையம் தெரிந்தால் அது நிலாச் சொறி. அந்த வளையங்கள்தான் அதன் இனப்பெருக்க உறுப்புகள். காலில் செருப்பு இருக்கட்டும், கையைப் பின்னால் கட்டிக்கொள்.