குணமானது சரி, எதனால் குணமானது?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலை இறந்துபோனார். அன்று என் பெரியம்மா, முகாமுக்குப் போக எடுத்து வைத்திருந்த ஆதார் அட்டையைத் திரும்ப பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஊசி போட்டாரு, போயிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. புது வைரஸ் ஒன்று மறுபடியும் வரும். அன்றைக்கும் இதே பேச்சுகள் கிளம்பும். அதனால் அந்தப் பதிலை இப்போதே எழுதி வைக்கிறேன்.

நம்பிக்கை: "பத்து வருஷ வேலையைப் பத்து மாசத்தில் முடித்தார்கள். சரியாகச் சோதிக்காத ஊசி."

உண்மை: வேகம் நிஜம்தான். 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு வரிசை வெளியானது. டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் பொதுமக்களுக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் வேலை தொடங்கியது 2020-இல் அல்ல. ஃபைசர் போன்ற ஊசிகளுக்கு அடிப்படையான எம்.ஆர்.என்.ஏ.வை உடம்பு எதிர்த்துக் கொந்தளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் வழியை கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மேனும் 2005-இலேயே வெளியிட்டிருந்தார்கள். 2023-இல் அதற்குத்தான் நோபல் பரிசு. ஆக்ஸ்ஃபோர்டில் சாரா கில்பர்ட்டின் குழு மெர்ஸ் நோய்க்காக ஏற்கெனவே கையாண்டு வந்த முறைதான் புனேயில் கோவிஷீல்டாகத் தயாரானது.

குறைந்தது காத்திருப்பு. பணத்துக்கும் அனுமதிக்கும் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. முடிவு வருவதற்கு முன்பே உற்பத்தியும் தொடங்கிவிட்டது. சோதனையை மட்டும் குறைக்கவில்லை. ஃபைசர் ஊசியின் இறுதிக்கட்டச் சோதனையில் சுமார் 43,000 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். தனக்கு எது போனது என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. கடைசியில் அறிகுறிகளோடு கொரோனா வந்த 170 பேரை எண்ணிப் பார்த்தார்கள். உப்புநீர் பக்கம் 162 பேர், தடுப்பூசி பக்கம் 8 பேர்.

நம்பிக்கை: "ஊசி போட்ட பிறகு மாரடைப்பு வந்தால் ஊசிதான் காரணம்."

உண்மை: அந்த ஏப்ரலில் நாடு முழுக்க தினமும் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் 45 வயதைத் தாண்டியவர்கள். ஊசியே இல்லாத வருடத்திலும் அந்த வயதில் தினமும் பலருக்கு மாரடைப்பு வரும். ஆகவே கேட்க வேண்டியது, போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு அதிகமாக வந்ததா என்பதுதான். விவேக்கின் மரணத்தை ஆராய்ந்த மத்தியக் குழு, அதற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. இளைஞர்களின் திடீர் மரணங்களை, சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முன்னின்று ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் இறந்த 729 பேரை, அதே வயதில் அதே பகுதியில் உயிரோடிருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருந்தது, இறப்பதற்கு முன் அளவுமீறிக் குடித்தது போன்றவைதான் ஆபத்தைக் கூட்டியிருந்தன.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்தது, எம்.ஆர்.என்.ஏ. ஊசியால் சில இளைஞர்களுக்கு இதயத்தசை அழற்சி வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் இதே ஒப்பீட்டு முறைதான்.

நம்பிக்கை: "டெஸ்ட் நெகட்டிவ், அப்படியென்றால் கொரோனா இல்லை."

உண்மை: பெர்லின் ஆய்வாளர்கள் வைரஸ் மாதிரி கையில் இல்லாமலே, மரபணு வரிசையையும் பழைய சார்ஸ் வைரஸையும் வைத்து ஆர்.டி.பி.சி.ஆர். முறையை உருவாக்கினார்கள். 2020 ஜனவரி 13-க்கே உலக சுகாதார நிறுவனம் அதை வெளியிட்டது. மரபணுத் துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும் முறை இது. ஒன்றே ஒன்று 30 சுற்றில் சுமார் 107 கோடியாகப் பெருகும். ஆனால் முதல் துண்டு குச்சியில் வந்தால்தானே பெருகும்? கண்ணில் நீர் வரும் அளவுக்கு மூக்கின் ஆழத்தில் சுழற்றி எடுக்காமல் நுனியோடு நிறுத்திவிட்டாலும், தொற்றிய முதல் நாளே எடுத்துவிட்டாலும் நோய் தப்பிவிடும். அறிகுறி இருந்தால் மறுபடி எடுங்கள். அதுவரை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

நம்பிக்கை: "அந்த மருந்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குணமானது."

உண்மை: கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் சாப்பிடாமலே குணமானார்கள். அதனால் யார் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பேர் அதற்குப் போனது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துப் பார்த்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தருகிற மலிவான டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்தது. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களில், அது கொடுக்கப்படாத 100 பேரில் 41 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். கொடுக்கப்பட்டவர்களில் 29 பேர்.

அதே மருந்து, ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. இந்த இரண்டாவது வரியைப் படிக்காமலே பல வீடுகளில் காய்ச்சலின் முதல் நாளே ஸ்டீராய்டு வாங்கிப் போட்டார்கள். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது, கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு தேவையில்லாத ஸ்டீராய்டும் முக்கியக் காரணமாக நின்றது.

குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து நோயாளிகளுக்கு ஏற்றிய பிளாஸ்மாவின் கதை இன்னும் வருத்தமானது. ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்துப் பார்த்து, பலனில்லை என்று 2020-இலேயே வெளியிட்டுவிட்டது. 2021 மே மாதம்தான் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. அதுவரை எத்தனை பிள்ளைகள், அப்பாவின் ரத்த வகையை எழுதி "அவசரம்" என்று நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்!

அடுத்த தடவை ஒரு மருந்தைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ செய்தி வந்தால் இரண்டு எண்களைக் கேளுங்கள். கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு என்ன ஆனது? கொடுக்காதவர்களில் எத்தனை பேருக்கு? இரண்டாவது எண் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பெரியம்மா ஆதார் அட்டையை மறுபடி வெளியே எடுத்தது ஜூலையில். நடுவில் இரண்டாம் அலையின் அந்த மே மாதம் கடந்துபோனது. அவர் தப்பித்தார். அதே நாளில் பீரோவைப் பூட்டிய எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை.