கிளாரிநெட்டைக் காப்போம்

கல்யாணம், திருவிழா என்றால் பேண்டு வாத்தியம் வேண்டும். அதில் கிளாரிநெட்டின் குரல் தனியாகக் கேட்கும்.

இது மேல்நாட்டுக் கருவி. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் சதிர் நடனத்துக்கு இதை வாசித்தார்கள். பிறகு கர்நாடக இசையிலும் இது இடம் பிடித்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் இதில் பெரும் புகழ் பெற்றார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நல்ல கிளாரிநெட்டை ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்கிறார்கள். அது மிகவும் கெட்டியான மரம். ஆனாலும் மரம் மரம்தான். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கும்.

ஊதும்போது நம் மூச்சின் ஈரம் குழலுக்குள் படிகிறது. உள்பக்கம் உப்புகிறது. வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கிறது. இப்படி இழுபடும்போது மரம் வெடிக்கிறது. வெடிப்பு வழியே காற்று கசியும். சுரம் சரியாக வராது.

அந்தமானில் மே முதல் டிசம்பர் வரை மழை அதிகம். நனைந்த கருவியைப் பெட்டியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அப்போது வெடிப்பு உண்டா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். கருவி வெடித்தால் வாசிப்பவரின் வருமானமும் நின்றுவிடும். பழுது பார்க்கச் சென்னைக்கு அனுப்பினால், கப்பலில் போய்ச் சேரவே சுமார் மூன்று நாள் ஆகும். ஆகவே வருமுன் காப்பதே நல்லது.

தினமும் செய்ய வேண்டியவை:

1. வாசித்து முடித்ததும் கருவியைக் கழற்றுங்கள். ஐந்து துண்டுகள் வரும்.
2. மெல்லிய பருத்தித் துணியை உள்ளே விட்டு இழுத்து ஈரத்தைத் துடையுங்கள்.
3. சாவிகளையும் துடையுங்கள். உப்புக்காற்று உலோகத்தைக் கெடுக்கும்.
4. நிழலில் சிறிது நேரம் ஆற விடுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது.

எண்ணெய் இடும் முறை:

குழலின் உள்பக்கம் மங்கி, வறண்டு தெரிந்தால் எண்ணெய் இடலாம். ஓர் இரவு முழுவதும் குழல் காய வேண்டும். சாவிகளின் அடியில் மெத்தை போன்ற சிறு வட்டங்கள் உண்டு. எண்ணெய் பட்டால் அவை கெட்டுவிடும். ஆகவே அவற்றின் கீழே காகிதத் துண்டுகளைச் செருகுங்கள். துணியில் மூன்று நான்கு சொட்டு பாதாம் எண்ணெய் விட்டு, குழலின் உள்ளே பூசுங்கள். மறுநாள் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இயந்திர எண்ணெயை மரத்தில் பூசக் கூடாது.

புதிய கருவியை முதல் சில வாரங்கள் தினமும் கால் மணி நேரம் மட்டும் வாசியுங்கள். மரம் மெல்ல மெல்ல ஈரத்துக்குப் பழகும். பிளாஸ்டிக் கிளாரிநெட்டுக்கு எண்ணெய் தேவையில்லை. துடைத்தால் போதும்.

துடைப்பது தினமும். எண்ணெய் அளவோடு. இதை மறக்காதீர்கள்.

பதில் சொல்லுங்கள்:

1. கிளாரிநெட் ஏன் வெடிக்கிறது?
2. ஈரமான கருவியை உடனே பெட்டியில் பூட்டினால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டில் உள்ள மரப்பொருள்களை மழைக்காலத்தில் எப்படிக் காக்கிறீர்கள்? நான்கு வரிகள் எழுதுங்கள்.