காகிதத்தில் மடித்த நுண்ணோக்கி

கேள்வி: ஆய்வுக்கூட வசதி குறைந்த பள்ளியில், மாணவர்கள் தாங்களே செய்து பார்த்துக் கற்கத் தொழில்நுட்பம் உதவுமா?

பதில்: தாராளமாக உதவும். ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியே சான்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியுடன் சேர்ந்து உருவாக்கியது. 2014-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, இதன் உதிரிபாகச் செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

அட்டையை மாணவர்களே மடித்துப் பொருத்த வேண்டும். நடுவில் சிறுமணி அளவுக்கு ஒரு கோள வில்லை. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வில்லைக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளி சற்று மாறினாலும் காட்சி மங்குவதைப் பிள்ளைகள் விரல்நுனியிலேயே உணர்கிறார்கள். கரும்பலகையில் கதிர்ப்படம் வரைந்து இதைப் புரியவைப்பது எவ்வளவு சிரமம்! குளத்து நீர் ஒரு சொட்டு, வெங்காயத் தோல், எறும்பின் கால் என எதையும் வைத்துப் பார்க்கலாம்.

கைபேசிக்கு வேலை இதற்குப் பிறகுதான். காந்தத்தால் கேமராவோடு ஒட்டவைத்தால், ஒருவர் கண்டதை வகுப்பு முழுவதும் காணும். படத்தில் தேதி குறித்து, அடுத்த வாரத்து நீரோடு ஒப்பிடலாம்.

நான்கு பேருக்கு ஒரு கருவி போதும். ஆனால் ஆசிரியர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது. கண்டதை முதலில் நோட்டில் வரையட்டும், உயிரியின் பெயரைப் பிறகு சொல்லலாம்.