காந்தளை அறிதலும் வளர்த்தலும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதலிடம் பெற்றது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள படவேட்டைப் போன்ற ஊர்களில், வேலியோரம் சிறிது இடமுடைய எவரும் இதனை வளர்க்கலாம். ஆயினும், வளர்க்கப் புகுமுன் இதனை ஐயமற அறிதல் இன்றியமையாதது. ஏனெனில், இதன் உறுப்புக்கள் யாவும் நஞ்சுடையன.

அறியும் வகை யாதெனின்: இலையின் நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாய்க் கொடியைத் தாங்கும். மலருக்கு நெளிந்த ஓரமுடைய இதழ்கள் ஆறு. அவை பின்னோக்கி மேலே வளைந்து நிற்கும். முதலில் பசுமையும், பின்னர் மஞ்சளும், இறுதியில் செம்மையும் பெறும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளும். இம்மடக்கு ஒன்றே காந்தளை ஐயமறக் காட்டும். 1753-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட குளோரியோசா சூபர்பா என்னும் பெயர் இதன் எழிலைப் புகழ்வதேயாம்.

மலருள்ளபோது அறிதல் எளிது. இடர் நேர்வது மலரில்லாத காலத்திலாகும். வேனிலில் கொடி முற்றும் உலர்ந்து மறைய, கிழங்கு மட்டும் மண்ணினுள் உறங்கும். அப்போது தோட்டம் கொத்துவோர் அதனைத் தோண்டியெடுத்து, வள்ளிக்கிழங்கென மயங்கி உண்ணல் கூடும். அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது. வாந்தியும் பேதியும் சில மணி நேரங்கழித்தே தோன்றும். உண்டது தெரிந்தவுடன், குறிகளுக்குக் காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கலப்பை போல இரு கவராய் வளைந்திருத்தலே கிழங்கின் அடையாளம். கலப்பைக்கிழங்கு என்னும் பெயரும் அதனாலாயிற்று.

இனி, வளர்க்கும் முறை: நீர் தேங்காத மண்ணில், ஆடி ஆவணியில் கிழங்கைப் படுக்கையாக ஊன்றுக. கவரின் நுனியிலேயே முளைக்கண் உளதாதலின், நுனி முறியாமற் காத்தல் வேண்டும். கொடி படரக் கொம்பு நடுக. ஐப்பசி கார்த்திகையில் பூக்கும். நட்ட இடத்தில் பெயர் எழுதிய முளைக்குச்சி ஒன்றை ஆண்டு முழுதும் நிறுத்துக. சிறுவரும் கால்நடையும் அணுகாவண்ணம் வேலியும் இடுக.

மலையிற் கிழங்கைத் தோண்டிக் கொணர்தல் தகாது; அவ்வாறு செய்யின் காட்டில் இவ்வினம் அருகிவிடும். விதைக்கெனப் பயிரிடும் மூலனூர்ப் பக்கத்து உழவர் காலையில் மகரந்தத்தைக் கையாற் சூல்முடியிற் சேர்ப்பர். நாமும் அங்ஙனஞ் செய்து விதை பெறலாம். விதையினின்று எழுங்கொடி பூக்கச் சில ஆண்டுகள் செல்லும். பொறுத்திருப்போமாயின், மலைக்கும் குறைவின்றி மனைக்கும் அழகு சேர்ப்போம்.